கிறிஸ்துமஸ் வினாடி வினா: விடையைவிடக் கேள்வியில்தான் பிழை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பிறந்துவிட்டால் நாளிதழ் இணைப்புகளில் கிறிஸ்துமஸ் பொது அறிவுப் பக்கம் ஒன்று கட்டாயம் இடம்பெறும். வந்த அன்றைக்கே அதை வெட்டி எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, தாராபுரம் வட்டாரத்து ஆலயங்களின் வாலிபர் கூட்டங்களிலும் பள்ளிக் கிறிஸ்துமஸ் விழாக்களிலும் அதுவே கேள்வித்தாளாகிவிடுகிறது. அச்சில் ஒரு வரி பிசகினால், பத்து நாள் கழித்து ஏதோ ஒரு மண்டபத்தில் இரண்டு அணிகள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும். “ஏனுங்க, பேப்பர்லயே போட்டிருக்குதுங்களே” என்பது ஓர் அணியின் வாதம். “கூகுள்ல வேற மாதிரி இருக்குதுங்க” என்பது எதிரணியின் வாதம். நடுவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆயர் பாவம், இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். இந்த வட்டாரத்தில் இத்தகைய போட்டிகளுக்குக் கேள்வி தயாரிப்பவர்கள் என்ற முறையில், எங்கே சறுக்குகிறது, எப்படிக் கேட்டால் சறுக்காது என்பதைத் தங்கள் பத்திரிகை வழியே சொல்ல விரும்புகிறோம்.

‘முதல் எது, முதலில் யார்’ என்று கேட்கும் கேள்விகள்தான் அதிகம் உதைபடுகின்றன. ‘விண்வெளியில் பாடப்பட்ட முதல் பாட்டு எது?’ என்பது ஆண்டுதோறும் வரும். ‘ஜிங்கிள் பெல்ஸ்’ என்று விடையும் அச்சாகும். நடந்தது இதுதான்: 1965 டிசம்பர் 16 அன்று ஜெமினி-6 விண்கலத்தில் இருந்த வால்டர் ஷிராவும் தாமஸ் ஸ்டாஃபோர்டும், வடக்கிலிருந்து தெற்கே ஏதோ ஒரு கலம் தாழப் பறந்து போவதாக (கிறிஸ்துமஸ் தாத்தாவைத்தான்) தரைக்கட்டுப்பாட்டு நிலையத்திடம் குறும்பாகச் சொல்லிவிட்டு, சிறிய மவுத் ஆர்கனிலும் மணிகளிலும் அந்த மெட்டை வாசித்தார்கள். பாட்டு என்று பார்த்தால் சோவியத் வீரர் பாவெல் பாப்போவிச் 1962இலேயே விண்வெளியில் பாடிவிட்டார். ‘1965இல் விண்கலத்தில் மவுத் ஆர்கனில் வாசிக்கப்பட்ட கிறிஸ்துமஸ் காலப் பாட்டு எது?’ என்று கேட்டால் விடை அதேதான், ஆனால் வாய்ச்சண்டைக்கு இடமில்லை.

இன்னொரு ‘முதல்’ குடில் பற்றியது. உலகின் முதல் கிறிஸ்துமஸ் குடிலை அமைத்தவர் அசிசியின் பிரான்சிஸ் என்று போடுகிறார்கள். 1223இல் இத்தாலியின் கிரெச்சியோ ஊரில் அவர் வைக்கோல் பரப்பிய தொட்டியோடு உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தித் திருப்பலி நடத்தச் செய்தது உறுதியான செய்தி. அதற்கு முன்னரும் பிறப்புக் காட்சியை ஆலயங்களில் நடித்துக் காட்டும் வழக்கம் ஐரோப்பாவில் இருந்தது. ‘முதல்’ என்பதை எடுத்துவிட்டு ஊரையும் ஆண்டையும் கேள்விக்குள்ளேயே கொடுத்து ஆளைக் கேளுங்கள். மின்விளக்கு மரத்துக்கும் இதே வைத்தியம். 1882இல் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் 80 பல்புகளை எரியவிட்டவர் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன். ‘எடிசன்’ என்று விடை அச்சிட்ட தாள்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இனி பாட்டுகள். கிறிஸ்துமஸ் வினாடி வினாவில் ரசமான பகுதி இதுதான், அதிகம் சொதப்புவதும் இதில்தான். நம் பாமாலைப் புத்தகத்தில் ‘ஒப்பில்லா திரு இரா’ என்று இருப்பதை ஆங்கிலத்தில் ‘சைலன்ட் நைட்’ என்று உலகமே பாடுகிறது. ‘இது எந்த ஆண்டு எழுதப்பட்டது?’ என்று கேட்டால் 1816, 1818 என்று இரண்டு விடை வரும், இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஜோசப் மோர் என்ற குருவானவர் ஆஸ்திரியாவின் மரியாப்ஃபார் ஊரில் இருந்தபோது 1816இல் வரிகளை எழுதினார். 1818 டிசம்பர் 24 அன்று ஓபர்ன்டார்ஃப் ஊரின் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில், பக்கத்து ஊர் ஆசிரியரும் ஆர்கன் வாசிப்பவருமான ஃபிரான்ஸ் சேவர் குரூபர் அமைத்த மெட்டில் அது முதலில் பாடப்பட்டது. ஆகவே ‘எந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் முதலில் பாடப்பட்டது?’ என்று கேட்க வேண்டும். இங்கே ‘முதல்’ நிற்கும், ஏனென்றால் நாளும் இடமும் ஆளும் தெரிந்த செய்தி அது. கிதார் துணையோடு பாடினார்கள் என்பதும் சரி. ஆர்கனை எலி கடித்துவிட்டது, அதனால்தான் கிதார் என்ற கதை மட்டும் பின்னால் ஒட்டப்பட்டது. 1854இல் குரூபரே இந்தப் பாட்டு பிறந்த விதத்தை எழுதி வைத்திருக்கிறார், அதில் எலியும் இல்லை, கெட்டுப்போன ஆர்கனும் இல்லை. எலியை வைத்து எந்தக் கேள்வியும் போட வேண்டாம். கஷ்டமான கேள்வி வேண்டுமென்றால் ஜெர்மன் மூலத்தில் எத்தனை சரணம் என்று கேட்கலாம். ஆறு. இன்று பரவலாகப் பாடப்படும் மூன்றும் மூலத்தின் 1, 6, 2 என்ற வரிசையில் வருபவை.

‘கேள், ஜென்மித்த ராயர்க்கே’ பாட்டுக்கு வருவோம். இதற்கு ஒரே ஆண்டைக் கேட்டால் நான்கு பேருக்கு மதிப்பெண் கொடுக்க வேண்டியிருக்கும். சார்லஸ் வெஸ்லி வரிகளை வெளியிட்டது 1739இல். பாட்டின் தொடக்கத்தை 1753இல் மாற்றியவர் ஜார்ஜ் வைட்ஃபீல்ட். மெட்டு மெண்டல்சோன் 1840இல் அமைத்தது. அது கிறிஸ்துமஸுக்காக அமைத்த மெட்டே அல்ல, குட்டன்பர்க்கின் அச்சுக்கலைக்கு 400 ஆண்டு நிறைந்ததை லைப்சிக் நகரில் கொண்டாடியபோது பாடுவதற்காக எழுதியது. (பத்திரிகை ஆசிரியர் ஒருவருக்கு எழுதும் கடிதத்தில் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.) வரியையும் மெட்டையும் சேர்த்துக் கட்டியவர் வில்லியம் கம்மிங்ஸ், ஆண்டு 1855. வெஸ்லி 1788இலும் மெண்டல்சோன் 1847இலும் இறந்துவிட்டார்கள். நாம் ஆலயத்தில் பாடும் வடிவத்தை அவர்கள் இருவருமே கேட்டதில்லை. ‘இந்தப் பாட்டின் மெட்டு எந்தத் தொழிலின் நானூறாவது ஆண்டுக்காக எழுதப்பட்டது?’ என்ற கேள்வி பாட்டைத் தெரிந்தவர்களையும் யோசிக்க வைக்கும். தெரியாத சிறுவனும் நூற்றாண்டைக் கணக்குப் போட்டு அச்சுத்தொழிலைப் பிடித்துவிடலாம். நல்ல கேள்வி என்றால் இப்படி ஒரு கைப்பிடி இருக்க வேண்டும்.

‘ராக்காலம் பெத்லேம் மேய்ப்பர்கள்’ பாட்டின் ஆங்கில வரிகள் நேஹம் டேட் எழுதியவை, 1700இல் வெளியானவை. ‘பக்தரே வாரும்’ இலத்தீனில் இருந்து வந்தது. அதன் ஆங்கில வடிவம் ஃபிரெடரிக் ஓக்லி 1841இல் செய்தது. ஐசக் வாட்ஸ் 1719இல் வெளியிட்ட ‘ஜாய் டு தி வேர்ல்ட்’ 98ஆம் சங்கீதத்தைத் தழுவியது. அதில் மாட்டுத் தொழுவமும் இல்லை, மேய்ப்பரும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. ஹேண்டலின் ‘மெசாயா’ என்ற இசைப் படைப்பு 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் அரங்கேறியது, அதாவது உயிர்ப்புப் பண்டிகையை ஒட்டிய காலத்தில். கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனைகளில் எல்லாரும் எழுந்து நின்று கேட்கும் ‘அல்லேலூயா’ கோரஸ் அந்தப் படைப்பின் இரண்டாம் பாகத்தின் முடிவில் வருகிறது. பிறப்பைப் பற்றிய பகுதி முதல் பாகத்திலேயே முடிந்துவிடும்.

கேரல் ரவுண்ட்ஸ் போகும் வேன்களில் ஓயாமல் ஒலிக்கும் ‘மேரிஸ் பாய் சைல்ட்’ பற்றி ‘யார் பாடியது?’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். ஜெஸ்டர் ஹேர்ஸ்டன் எழுதிய பாட்டை 1956இல் ஹாரி பெலஃபான்டே பாடினார். நம் காதில் தங்கியிருக்கும் போனி எம் குழுவின் வடிவம் 1978இல் வந்தது. தாத்தாவும் பேரனும் ஒரே அணியில் இருந்தால் அந்த அணிக்குள்ளேயே சண்டை வந்துவிடும். ‘1978இல் வெளியிட்ட குழு’ என்று ஆண்டைச் சேர்த்தால் தீர்ந்தது.

கணக்குக் கேள்வி வேண்டுமென்றால் ‘பன்னிரண்டு நாள்’ பாட்டைவிடச் சிறந்தது இல்லை. அதில் ஒவ்வொரு நாளும் அன்றைய பரிசோடு முந்தைய நாள்களின் பரிசுகளும் திரும்ப வரும். மொத்தம் எத்தனை என்றால் பலர் 78 என்று எழுதுவார்கள், அது கடைசி நாள் ஒன்றின் கூட்டல் மட்டும். முதல் நாள் பரிசான கௌதாரி பன்னிரண்டு முறை வருவதால் 12. இரண்டாம் நாள் பரிசு பதினொரு முறை, முறைக்கு இரண்டாக 22. அப்படியே போனால் 30, 36, 40, 42 என்று ஏறி, பிறகு 42, 40, 36, 30, 22, 12 என்று இறங்கும். கூட்டினால் 364. மிக அதிகமாக வருவது ஆறாம் நாளின் வாத்துகளும் ஏழாம் நாளின் அன்னங்களும், தலைக்கு 42. பாட்டு முடிந்து கூட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் கொடுங்கள். இதே பாட்டில் இன்னொரு பொறி இருக்கிறது. பன்னிரண்டு நாள் என்பது டிசம்பர் 25இல் தொடங்கி ஜனவரி 5 வரை. டிசம்பர் 13 முதல் எண்ணிக்கொண்டு வருவது கடைக்காரர்களின் கணக்கு. பாட்டில் வரும் பறவைகளும் நடனக்காரிகளும் மறைக்கப்பட்ட வேதபாடக் குறியீடுகள் என்று வாட்ஸ்அப்பில் வரும் நீண்ட பட்டியலுக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. அதைக் கேள்வித்தாளுக்குள் விடாதீர்கள்.

சினிமாச் சுற்றில் பெயர்க் குழப்பம் பெரிது. ‘வொய்ட் கிறிஸ்துமஸ்’ பாட்டு அதே பெயருள்ள 1954 படத்துக்காக எழுதப்பட்டது என்று நினைத்துக் கேள்வி போடுகிறார்கள். எர்விங் பெர்லின் எழுதிய அந்தப் பாட்டு 1942இல் வெளியான ‘ஹாலிடே இன்’ படத்தில் வந்து, சிறந்த பாடலுக்கான ஆஸ்கரும் வாங்கிவிட்டது. பிங் கிராஸ்பி அதை இசைத்தட்டுக்குப் பாடியது 1942 மே மாதக் கடைசியில். மூலத்தட்டு பிரதி எடுத்து எடுத்தே தேய்ந்துபோனதால் 1947இல் மறுபடி பாடிப் பதிந்தார்கள். இன்று வானொலியில் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது பதிவுதான். ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ படம் திரைக்கு வந்தது 1946 டிசம்பர். அதில் கொட்டும் பனி முழுக்க கலிஃபோர்னியாவின் கோடை வெயிலில் செய்தது. அதற்கு முன் படங்களில் பனிக்கு வெள்ளை பூசிய கார்ன்ஃப்ளேக்ஸைத் தூவுவார்கள், நடந்தால் நொறுங்கும் சத்தம் வசனத்தைக் கெடுக்கும். ஆகவே இந்தப் படத்தில் தீயணைப்பு நுரையோடு சர்க்கரையும் தண்ணீரும் கலந்து பீய்ச்சினார்கள். அந்த உத்திக்குத் தனியாக அகாதமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. திருப்பூர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. மேல்நாட்டுக் கிறிஸ்துமஸுக்கான மான் படம் போட்ட பனியன்கள் இங்கே வேர்க்க விறுவிறுக்கத் தைத்து முடிந்து, டிசம்பருக்கு வெகு முன்னரே கப்பல் ஏறிவிடும்.

இந்தப் படம் ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் ஓடிப் புகழ்பெற்றதற்கும் ஒரு காரணம் உண்டு. 1974இல் அதன் பதிப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். நிலையங்கள் காசில்லாமல் திரும்பத் திரும்பப் போட்டன. விடையோடு காரணத்தையும் இப்படி அச்சிட்டால் வாசகருக்கு அந்த ஆண்டு தானாக மனதில் நிற்கும்.

‘ஹோம் அலோன்’ தமிழில் பேசிக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி: அந்தச் சிறுவன் திருடர்களை விரட்ட ஓடவிடும் கறுப்பு-வெள்ளை ரவுடிப் படம் எந்த ஆண்டு வந்தது? எந்த ஆண்டும் வரவில்லை. 1990இல் அந்தக் காட்சிக்காகவே எடுத்த துணுக்கு அது. ‘டை ஹார்ட்’ கிறிஸ்துமஸ் படமா இல்லையா என்பது வாதத்துக்கு நல்லது, மதிப்பெண்ணுக்கு ஆகாது. கதை நடப்பது கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில், திரைக்கு வந்தது 1988 ஜூலையில். இந்த இரண்டில் ஒன்றைக் கேட்கலாம். நம்மூர்க் கேள்வி வேண்டுமென்றால், விஜய் சேதுபதியும் கத்ரீனா கைஃபும் நடித்து இந்தியிலும் தமிழிலும் வந்த ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ படம் எந்தப் பண்டிகையை ஒட்டி வெளியானது என்று கேளுங்கள். 2024 ஜனவரி 12, பொங்கல்.

வேதாகமச் சுற்றைப் பற்றிச் சொல்லாமல் தீராது, ஏனென்றால் ஆலய மண்டபத்தில் இதில் தவறினால் மன்னிப்பே கிடையாது. ‘எத்தனை சாஸ்திரிகள் வந்தார்கள்?’ என்ற கேள்விக்கு மூன்று என்ற விடை தவறு. மத்தேயு 2ஆம் அதிகாரத்தில் காணிக்கை மூன்று, ஆள் கணக்கு இல்லை. கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்களும் பிற்கால மரபு. அவர்கள் வந்து சேர்ந்த இடம் தொழுவம் என்பதும் தவறு. 11ஆம் வசனத்தில் ‘வீட்டுக்குள்’ என்றே இருக்கிறது. லூக்கா 2இல் சத்திரம் உண்டு, சத்திரக்காரர் இல்லை. மரியாள் கழுதையில் ஏறி வந்ததாகவும் எங்கும் இல்லை. குடிலில் நிற்கும் மாடும் கழுதையும் ஏசாயா 1:3ஐ ஒட்டி வந்து சேர்ந்தவை. காணிக்கைப் பெயரிலும் கவனம் தேவை. சீர்திருத்த சபையார் கையில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் ‘தூபவர்க்கம்’, கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் ‘சாம்பிராணி’. கருமத்தம்பட்டியில் இருந்து வந்த அணியும் ஈரோட்டில் இருந்து வந்த அணியும் ஒரே மேடையில் இருந்தால், விடைத்தாளில் இரண்டையும் எழுதி வைத்துக்கொள்வது நடுவருக்கு நல்லது. குடில் கட்டுகிறவர்களுக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. சாஸ்திரிகளின் பொம்மைகளை முதல் நாளே தொழுவத்துக்குள் நிறுத்தாமல் மண்டபத்தின் மறு கோடியில் வைத்து, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி ஜனவரி 6 அன்று கொண்டுவந்து சேர்ப்பது பல இடங்களில் உள்ள வழக்கம்.

தேதியைப் பற்றிய கேள்வியில் ‘உலகம் முழுவதும் டிசம்பர் 25’ என்று போட்டுவிடாதீர்கள். பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் சபைகளுக்கு அது நம் கணக்கில் ஜனவரி 7. இப்போதுள்ள இடைவெளி 13 நாள், 2101இல் இருந்து அது ஜனவரி 8 ஆகிவிடும். ஆர்மீனிய சபைக்கு ஜனவரி 6. உக்ரைன் 2023இல் டிசம்பர் 25க்கு மாறிவிட்டது, அதற்கு முந்திய தாள்களில் உள்ள விடை இப்போது செல்லாது.

இப்படிக் காலாவதியாகும் விடைகள் ஏராளம். ‘இங்கிலாந்தில் முதலிடமே பிடிக்காமல் அதிகம் விற்ற கிறிஸ்துமஸ் பாட்டு எது?’ என்ற கேள்விக்கு நெடுநாளாக விடை வாம் குழுவின் ‘லாஸ்ட் கிறிஸ்துமஸ்’. 1984இல் வெளியான அது 2021 ஜனவரி முதல் நாளில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. 2023இல் கிறிஸ்துமஸ் வாரத்திலேயே முதலிடம் பிடித்தது. மரியா கேரியின் 1994ஆம் ஆண்டுப் பாட்டான ‘ஆல் ஐ வான்ட் ஃபார் கிறிஸ்துமஸ் இஸ் யூ’ அமெரிக்காவில் முதலிடம் பெற்றது 2019இல்தான். ‘இதுவரை’, ‘அதிகம்’, ‘கடைசியாக’ என்று வரும் எந்தக் கேள்வியையும் அந்தந்த ஆண்டு சரிபார்க்காமல் பழைய தாளில் இருந்து எடுக்கக் கூடாது.

கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிவப்பு அங்கி கோகோ-கோலா கொடுத்தது என்ற பிரபலமான கதைக்குச் சுருக்கமான பதில்: அந்த நிறுவனத்துக்காக ஹாடன் சண்ட்ப்ளாம் வரையத் தொடங்கியது 1931இல். ஒயிட் ராக் என்ற வேறொரு பானத்தின் விளம்பரத்தில் அதற்கு முன்பே சிவப்பு அங்கித் தாத்தா வந்துவிட்டார். தாமஸ் நாஸ்ட் அவரை ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழில் வரையத் தொடங்கியது 1863இல். கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றிய 1823 கவிதையில் அவர் வண்டியை இழுக்கும் மான்கள் எட்டு. ஒன்பதாவதான ருடால்ஃப் 1939இல் ராபர்ட் மே ஒரு கடைக்காக எழுதிய இலவசப் புத்தகத்தில் பிறந்தது, பாட்டானது 1949இல். ‘எத்தனை மான்கள்?’ என்று மட்டும் கேட்டால் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே மாட்டிக்கொள்வீர்கள். புனித நிக்கோலாஸைப் பற்றிக் கேட்கும்போது ‘எந்த நாட்டவர்’ என்பதைத் தவிர்த்து ‘மைரா நகரம் இன்று எந்த நாட்டில் உள்ளது’ என்று கேளுங்கள். துருக்கி என்ற விடை அப்போதுதான் சரி. டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ நூலும் ஹென்றி கோல் அச்சிட்ட கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையும் ஒரே ஆண்டில், 1843இல் வந்தவை. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் ஒன்றில் இருந்து மற்றொன்றைப் பிடிக்கலாம். ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறையானது 1958இல்தான் என்பதும், மாசச்சூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்பதும் பெரியவர்களைத் திடுக்கிட வைக்கும் கேள்விகள்.

எல்லாமே பனியும் மானுமாக இருந்தால் நம் பிள்ளைகளுக்கு என்ன ஒட்டும்? உள்ளூர்ச் சுற்று ஒன்று கட்டாயம் வையுங்கள். கொங்கு நாட்டு வீடுகளில் கிறிஸ்துமஸ் மரமாக நிற்பது பெரும்பாலும் சவுக்குக் கிளை. அது ஊசியிலை மரமா? இல்லை, பூக்கும் தாவரம். ஊசி போல நீண்டிருப்பவை கணுக்கணுவான மெல்லிய கொப்புகள். உண்மையான இலை ஒவ்வொரு கணுவிலும் செதில் அளவில் ஒட்டியிருக்கும், கணுவில் ஒடித்துப் பார்த்தால் தெரியும். நர்சரியில் தொட்டியோடு விற்கும் அடுக்கடுக்கான அரக்கேரியாதான் ஊசியிலை வகை, பூர்விகம் பசிபிக்கின் நார்ஃபோக் தீவு. மேடையிலேயே இரண்டு கிளையையும் காட்டிக் கேட்டால் பின்வரிசை வரை எட்டிப் பார்க்கும். மெக்சிகோவில் இருந்து வந்த பாயின்செட்டியாச் செடியில் சிவப்பாக இருப்பது இதழா? அல்ல, பூவைச் சுற்றியுள்ள இலைகள். பூ நடுவில் மஞ்சளாகச் சிறுத்து இருக்கும். இரவு நீளும்போதுதான் அந்த இலைகள் சிவக்கும். எங்கள் வீட்டுச் செடி டிசம்பரிலும் பச்சையாகவே இருக்கிறதே என்று கேட்பவர்கள் தெருவிளக்கு அதன் மேல் விழுகிறதா என்று பார்க்கட்டும். அக்டோபர் தொடங்கி இரண்டு மாதம் மாலை ஆறு முதல் காலை எட்டு வரை இருட்டில் இருக்கும் இடத்தில் வைத்தால் நிறம் ஏறும். வரலாற்றுக் கேள்விக்கு, கோவை மறைமாவட்டமானது 1886, லண்டன் மிஷனின் மிஷனரி அடிஸ் கோவைக்கு வந்தது 1830, தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பர் 27. கோவையில் முதல் கத்தோலிக்க ஆயராகப் பணியாற்றிய மரியோன் தெ பிரெசியாக் பின்னர் ஆப்பிரிக்க மிஷன் சபையைத் தொடங்கி 1859இல் ஃபிரீடவுனில் இறந்தார் என்பது கோவைக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது.

மண்டபத்தில் நடத்துவோருக்குச் சில நடைமுறைகள். நாற்பது கேள்வி போதும், சுற்றுக்கு எட்டாக ஐந்து சுற்று. கேள்வியை இருமுறை வாசிக்க 15 விநாடி, எழுத 30 விநாடி என்றால் கேள்விகளுக்கு அரை மணி நேரம் ஆகும். தாள்களை அணிகள் மாற்றித் திருத்தச் சுற்றுக்கு ஐந்து நிமிடம். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அதற்கு மேல் போனால் பிள்ளைகள் கேக் தட்டைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். இசைச் சுற்றுக்கு யூடியூபை நம்பாதீர்கள். நடுவில் விளம்பரம் பாயும், இல்லாவிட்டால் சிக்னல் போகும். துணுக்குகளை முன்கூட்டியே 12 விநாடியாக வெட்டி, எண் போட்டுக் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். புளூடூத்தைவிட ஆக்ஸ் வயர் மேல், கைப்பேசி ஃபிளைட் மோடில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ‘ஒப்பில்லா திரு இரா’ ஒலிக்கும் நேரத்தில் யாராவது அழைப்பார்கள், அது மண்டபம் முழுக்கக் கேட்கும். ஆலயக் கட்டடங்களில் எதிரொலி அதிகம் என்பதால் மேளம் நிறைந்த துணுக்கை விட்டுவிட்டு ஒற்றைக் குரலோ ஒற்றைக் கருவியோ உள்ளதை எடுங்கள். ‘ஜிங்கிள் பெல்ஸ்’ பல்லவியை மூன்று விநாடியில் யாரும் சொல்லிவிடுவார்கள். அதன் சரண மெட்டைப் போட்டால் பாதி மண்டபம் விழிக்கும். சமன் வந்தால் முடிவு செய்ய எண் விடையுள்ள கேள்வி ஒன்றைத் தனியாக வைத்திருங்கள். நெருங்கிய எண்ணுக்கு வெற்றி என்ற விதியைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மேலே சொன்ன 364 அதற்குப் பொருத்தம்.

சரிபார்ப்பது எப்படி? ஒரே வாக்கியம் சொல் மாறாமல் பத்துத் தளங்களில் இருந்தால் அது ஒரு சாட்சிதான், பத்து அல்ல. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு நொடியில் நாற்பது கேள்வி வாங்கிவிடுகிறார்கள். எலி கடித்த ஆர்கனும் மூன்று ராஜாக்களும் அதிலும் தவறாமல் வருகிறார்கள். வேதாகமக் கேள்விக்கு வசன எண், பாட்டுக்கு அச்சான ஆண்டு, படத்துக்கு வெளியான நாள் ஆகியவற்றை விடைக்குப் பக்கத்தில் எழுத முடியவில்லை என்றால் அந்தக் கேள்வியை அடித்துவிடலாம்.

தங்களிடம் எங்கள் வேண்டுகோள் மூன்று. விடைப் பட்டியலில் வெறும் பெயரை மட்டும் போடாமல் ஆண்டையும் அரை வரிக் காரணத்தையும் சேர்த்து அச்சிடுங்கள். கிறிஸ்துமஸ் பக்கத்தை டிசம்பர் முதல் வாரத்திலேயே வெளியிடுங்கள், கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கிவிட்டால் தாள் தயாரிப்பவர்களுக்குச் சரிபார்க்க நேரம் இருக்காது. பிழை தெரியவந்தால் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், 20ஆம் தேதிக்குள் திருத்தம் போடுங்கள். பெரும்பாலான ஆலயங்களில் போட்டி அதற்குப் பிந்திய ஞாயிறன்றுதான் நடக்கிறது.

இப்படிக்கு,
ஆலய வினாடி வினாக்களுக்குக் கேள்வி தயாரிப்போர்,
கோயம்புத்தூர், திருப்பூர்